பார்வைக்கு மட்டும்

போன நவம்பரில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்து வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் ஏறியது. நூலகத்தின் முன்சுவரைவிட அகலம். இரண்டு ஜன்னலையும் அது மூடிவிட்டதால் உள்ளே பட்டப்பகலில் ட்யூப்லைட் எரிந்தது. மேலே சிவப்பு எழுத்தில் ‘நூலக வார விழா, மாபெரும் புத்தகக் கண்காட்சி’. கீழே முகங்கள். பஸ் வரத் தாமதமானதால் எண்ணிப் பார்த்தேன்: 23. கும்பிடுகிற முகம், கையாட்டுகிற முகம், செல்போனைக் காதில் ஒட்டிக்கொண்டு நாட்டைப் பற்றிக் கவலைப்படுகிற முகம். இரண்டு வயதுக் குழந்தை ஒன்றும் இருந்தது. யார் வீட்டு வாரிசோ, இப்போதே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

வலது மூலையில், தபால்தலை அளவில், தலைப்பாகை கட்டிய ஒருவர். பக்கத்தில் நின்ற பையன் “பாரதியார்” என்றான். மீசையைக் காணோமே தம்பி என்றதும் கொஞ்சம் யோசித்து, “அப்ப விவேகானந்தர்” என்றான். அவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகம் என்றால் என்ன என்று இந்தியாவுக்கே சொல்லிக்கொடுத்தவர். 1992-இல் அஞ்சல்துறை அவருக்கு நிஜமாகவே தபால்தலை வெளியிட்டது. விழாக் குழுவினர் அந்த அளவை மீறாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

ஃப்ளெக்ஸில் புத்தகமும் ஒன்று உண்டு. நட்டநடுவில், ஒளிவட்டத்தோடு, விரித்து வைத்த பெரிய புத்தகம். இரண்டு பக்கமும் வெள்ளை. ஓர் எழுத்து கிடையாது. மொத்த ஃப்ளெக்ஸில் பொய் சொல்லாதது அந்தப் படம் ஒன்றுதான்.

நூலக வாரம் நாடு முழுவதும் நவம்பர் 14-இல் தொடங்கி 20-இல் முடியும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்குகிற வாரம் அது. எங்கள் நூலகத்துத் தளம் மூன்று இடத்தில் ஒழுகும். சிறுகதைமேல் ஓரிடம், பொது அறிவுமேல் ஓரிடம், வரலாற்றின்மேல் ஓரிடம். முதல் இரண்டுக்கும் பக்கெட் வைத்துச் சமாளித்துவிடலாம். வரலாறு சுவரோரத்து அலமாரி, பக்கெட்டுக்கு இடமில்லை. ஆகவே எங்கள் ஊரில் சோழர்கள் வருஷா வருஷம் ஊறி, பாண்டியர்களோடு ஒட்டிக்கொண்டுவிடுவார்கள். கத்தி வைத்துக் கீறினால்தான் பிரிவார்கள்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு நூலகத்துக்குள் ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும் முன்பே வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். போட்டித் தேர்வுப் பிள்ளைகள். குரூப் 4-க்குப் படிக்கிறவன், குரூப் 2-க்குப் படிக்கிறவள், போலீஸ் எஸ்.ஐ. தேர்வுக்கு ஓடி ஓடிக் கால் வீங்கியவன். ஆளுக்கொரு பையில் சொந்த கைடு, தண்ணீர் பாட்டில், எலுமிச்சைச் சாதம். நூலகத்துப் புத்தகம் எதுவும் அவர்களுக்கு வேண்டாம். வேண்டிய புத்தகம் அங்கே இருந்ததுமில்லை. அவர்கள் கேட்பது ஒரு நாற்காலி, தலைக்குமேல் ஒரு ஃபேன், ‘இன்னுமா வேலை கிடைக்கலை?’ என்று கேட்காத ஒரு கூரை. பதினாலு நாற்காலி, அதில் இரண்டுக்குக் கால் ஆடும். பிந்தி வருகிறவர்கள் தரையில் பேப்பர் விரித்து உட்காருவார்கள். கல்யாணமாகி, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிற பெண் ஒருத்தி உண்டு. பகல் இரண்டரை மணிக்குக் குழந்தை அழுகிறது என்று போன் வரும். அதற்குள் எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவு படித்துவிட வேண்டும் என்று குனிந்த தலை நிமிர மாட்டாள்.

அந்தப் பிள்ளைகளிடம் நூலகர் அம்மா வந்து நின்றார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் நாற்காலி முதுகைப் பார்த்துச் சொன்னார்: “தம்பிகளா, திங்கட்கிழமையிலேர்ந்து ஒரு வாரம் வராதீங்கப்பா. கண்காட்சிக்கு இடம் வேணுமாம்.”

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அரசாங்க வேலைக்கு மனுப் போட்டவர்கள் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசமாட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பெருமாள் கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். இரண்டாம் நாள் சாரல் உள்ளே அடித்தது. பஸ் ஸ்டாண்டு நிழற்குடைக்குப் போனார்கள். அங்கே இந்திய அரசியலமைப்பின் அடிப்படைக் கடமைகளை ‘மதுரை மதுரை மதுரை’ என்ற கூச்சலுக்கு நடுவில் ஒருவன் மனப்பாடம் செய்ததை நான் பார்த்தேன். கைக்குழந்தைக்காரப் பெண்ணைப் பார்க்கவில்லை.

நூலகத்தில் தினமும் படிக்கிற ஆட்களைத் துரத்திவிட்டு நூலக வாரம் கொண்டாடிய ஊர் எங்களுடையது. கல்வெட்டு வெட்ட ஆள் தேடுகிறேன்.

விழா பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். பிரமுகர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். அதுவரை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அறுபது பேர் ஈரத் தார்ப்பாயில் சம்மணம்போட்டுக் கைதட்டப் பயிற்சி எடுத்தார்கள். பிரமுகர் நாற்பது நிமிஷம் பேசினார். இன்றைய இளைஞர்களிடம் வாசிப்புப் பழக்கம் அறவே இல்லை, எந்நேரமும் செல்போன், நூலகத்தின் பக்கமே வருவதில்லை என்று வருந்தினார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. முந்நூறு அடி தள்ளி, நிழற்குடையில், அந்த இளைஞர்கள் நனைந்துகொண்டு படித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கு நடுவே அவருடைய செல்போன் நான்கு முறை அடித்தது. மூன்று முறை எடுத்துப் பேசினார்.

இப்போதெல்லாம் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கிறார்களாம், நல்ல மாற்றமாம். பிரமுகருக்கும் ஏழெட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். வாங்கி வாங்கிப் பின்னால் நின்ற உதவியாளரிடம் தள்ளினார். உதவியாளர் டிரைவரிடம் தள்ளினார். டிரைவர் டிக்கியில் போட்டார். பொன்னாடையாக இருந்திருந்தால் ஜன்னல் திரைக்காவது ஆகியிருக்கும்.

சரி, கண்காட்சிக்கு வருவோம்.

பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த ஆறு மேசை. மேலே வெள்ளைத் துணி. போன கல்யாணத்துச் சாம்பார்க் கறை ஒரு மூலையில் மஞ்சளாக இருந்தது. துணிமேல் புத்தகங்கள், எல்லாம் புத்தம் புதுசு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ராணுவ அணிவகுப்புபோல. எனக்கே ஒரு நிமிஷம் உள்ளம் குளிர்ந்துவிட்டது. இருபது வருஷமாக இந்த நூலகத்து உறுப்பினன், இவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையே என்று கிட்டே போனேன். மேசைக்கு முன்னால் குறுக்கே நைலான் கயிறு. கயிற்றில் ஏ4 தாள் தொங்கியது: ‘புத்தகங்களைத் தொடாதீர்கள். பார்வைக்கு மட்டும்.’

எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற சிறுமி ஒருத்தி எனக்கு முன்னால் நின்றாள். மேசையில் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம். அட்டையில் மீன்கொத்தி, வாயில் மீன். அவள் கயிற்றுக்கு மேலே எட்டி ஒற்றை விரலால் அந்த மீனைத் தொட்டாள். அவ்வளவுதான். “ஏ பாப்பா! தொடாதே! எழுதிப் போட்டிருக்குல்ல?” என்று விழாக் குழுவின் பேட்ஜ் குத்திய ஒருவர் பாய்ந்து வந்தார். மின்சாரக் கம்பியைத் தொட்டவள்போலப் பிள்ளை கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. நூலகர் அம்மாவைத் தேடிப் பிடித்து, “அக்கா, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியுமா?” என்று கேட்டாள்.

“கண்காட்சி முடியட்டும்மா.”

முடிந்தது. 21-ஆம் தேதி காலை நான் போனபோது மேசைகள் இல்லை, துணி இல்லை, புத்தகங்களும் இல்லை. அந்தச் சிறுமி மட்டும், உறுப்பினர் படிவத்தோடும் அப்பாவோடும், நின்றுகொண்டிருந்தாள். அப்பா அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

“அதெல்லாம் நம்ம புத்தகம் இல்லைங்க” என்றார் நூலகர் அம்மா. “மாவட்டத்துலேர்ந்து வேன்ல வந்தது. நேத்து வரைக்கும் இந்த ஊரு, ராத்திரியே ஏத்திட்டாங்க. இப்ப அடுத்த ஊர்ல இருக்கும்.”

புரிந்ததா? ஊர் ஊராகப் போகிற புத்தகங்கள். எந்த ஊரிலும் யார் கைக்கும் போகாத புத்தகங்கள். தேர்த்திருவிழாவில் உற்சவ மூர்த்திகூட நின்று தேங்காய் வாங்கிக்கொண்டு விபூதி கொடுத்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போகும்.

எனக்கு ரத்தம் கொதித்தது வேனைப் பற்றிக் கேட்டபோதுதான். ஏனென்றால் புத்தகம் ஏற்றிய வண்டி ஒன்று இந்த மண்ணில் முன்பும் ஓடியிருக்கிறது. 1931 அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசல் கிராமத்தில் கனகசபைப் பிள்ளை ஒரு நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். மாட்டுவண்டி. ரங்கநாதன் மூட்டிய கனல் அது. வண்டியில் அலமாரி கட்டி, புத்தகம் அடுக்கி, கிராமம் கிராமமாக ஓட்டினார்கள். ரோடு என்று ஒன்று இல்லாத காலம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய காலம். அந்த மாடு புத்தகத்தைக் கொடுக்கப் போனது. தொண்ணூறு ஆண்டு கழித்து, டீசல் ஊற்றி, நாலுவழிச் சாலையில், சுங்கம் கட்டி ஓடுகிற நம்முடைய வேன் புத்தகத்தைக் காட்டப் போகிறது. மாட்டுக்கு இருந்த விவரம்.

அதே 1931-இல்தான் ரங்கநாதன் தமது ஐந்து நூலக விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் முதல் விதியே நூல் பயன்படுவதற்கு என்பது. கணிதக்காரர் அல்லவா, இதைச் சொல்லாவிட்டால் ஆட்கள் எதுவரை போவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறார். போகட்டும், கயிறு கட்டியவர்கள் ஐந்தில் ஒன்றையாவது காப்பாற்றினார்களா என்றால், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற நான்காம் விதியைச் சொல்லலாம். தொடவே விடாவிட்டால் வாசகருக்கு நிறைய நேரம் மிச்சம்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். கோபம் வந்தபின் கணக்குப் பார்ப்பது எனக்குப் பழக்கம்.

இந்த நூலகம் யாரும் போட்ட பிச்சை இல்லை. 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் அதுதான் முதல். ரங்கநாதன் இருபது வருஷம் விடாமல் தட்டிய கதவு அப்போதுதான் திறந்தது. அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரியோடு சேர்த்து வசூலிப்பார்கள். இன்றைக்கு ரூபாய்க்கு 10 பைசா. பஞ்சாயத்தோ நகராட்சியோ வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். நூலகத்தின் பக்கமே போகாத குடிசைக்காரனும், புத்தகம் என்றால் கைரேகை பார்க்கிற புத்தகம் என்று நினைக்கிற மளிகைக்கடை முதலாளியும் சேர்ந்து ஊருக்குப் புத்தகம் வாங்கிப் போடுகிற ஏற்பாடு. இதைவிட அழகான வரி எனக்குத் தெரிந்து இல்லை.

எனக்கு அரையாண்டு வீட்டு வரி 920 ரூபாய். நூலகத்துக்கு 92. வருஷத்துக்கு 184. இருபது வருஷமாகக் கட்டுகிறேன். ஒரு தவணை பிந்தினால் போதும், குழாய் இணைப்பைத் துண்டிப்போம் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்கு வந்துவிடும். ஆனால் என்னிடம் வாங்கிய 92 ரூபாயை நூலகத்துக்குக் கொடுக்காமல் உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் பாக்கி வைத்திருக்கின்றன என்று பேப்பரில் செய்தி வருகிறதே, பொங்கல் தீபாவளிபோல வருஷம் தவறாமல் வருகிறதே, அவர்கள் வாசலுக்கு எந்த ஆட்டோ போனது? எங்கள் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு வாசகம் இருக்கிறது: இரவல் வாங்கிய நூலைக் குறித்த நாளில் திருப்பித் தராதவர்களிடம் தாமதக் கட்டணம் வசூலிக்கப்படும். ரோட்டோரத்துக் கிழவி ஒரு வாரம் ராஜேஷ்குமார் நாவலை வைத்துக்கொண்டால் அபராதம். ஒரு ஊரின் புத்தகப் பணத்தையே வைத்துக்கொண்டால் நிர்வாகக் காரணம்.

அறிவிப்புப் பலகை என்றேனே, அதையும் பார்த்துவிடுங்கள். ‘நூலகச் செய்திகள்’ என்று தலைப்பிட்ட நீலப் பலகை. இடது பக்கம் புரவலர் பட்டியல். 1,000 ரூபாய் கொடுத்தால் புரவலர், 5,000 கொடுத்தால் பெரும்புரவலர், 10,000 கொடுத்தால் கொடையாளர். கொடுத்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அதில் டீக்கடை வைத்திருக்கிற ஒருவர் பெயர் இருக்கிறது, அவர் பாலில் தண்ணீர் கலந்தாலும் மன்னித்துவிடுவேன். ஆனால் இருபது வருஷம் வரி கட்டிய 3,680 ரூபாய்க்காரனுக்கு என்ன பட்டம்? ஏமாளியா, பெரும் ஏமாளியா?

வலது பக்கம் ‘புதிய வரவுகள்’. பத்துப் பன்னிரண்டு புத்தக அட்டைகளைக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறார்கள். வெயில் பட்டுப் பட்டு எல்லாம் ஒரே வெளிர்நீலம். ஒரு நாவலின் அட்டையைக் காட்டி, “அம்மா, இது உள்ளே இருக்கா?” என்றேன்.

“இல்ல சார். அது அட்டை மட்டும்தான்.”

“புத்தகம்?”

“நான் இங்க வந்து ஆறு வருஷம் ஆகுது சார். நான் வரும்போதே அட்டைதான் இருந்துச்சு.”

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது. இந்த நூலகத்தோடு இரண்டு ஊர்ப்புற நூலகமும் அவருக்குக் கூடுதல் பொறுப்பு. இங்கே பூட்டினால்தான் அங்கே திறக்க முடியும். ஒன்றைத் திறக்க ஒன்றைப் பூட்டுகிற இந்த ஏற்பாட்டில், அரசாங்கப் பதிவேட்டில் மூன்றும் இயங்குகின்றன. கூட்டுகிற ஆளுக்கு விளக்குமாறு வாங்குவது அவர் காசு, தண்ணீர் கேன் அவர் காசு. விழாவுக்கு வந்த பிரமுகருக்கு இளநீர்? அதைக் கேட்காதீர்கள், அவர் சொல்லவும் மாட்டார்.

எந்தப் புத்தகம் வாங்குவது என்பதிலும் அவருக்குக் குரல் இருந்ததில்லை. மேலே ஒரு குழு முடிவு செய்யும். பக்கத்துக்கு இவ்வளவு என்று ஃபாரம் கணக்கில் விலை. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். நெல்லை மரக்காலில் அளப்பதுபோல இலக்கியத்தை ஃபாரத்தில் அளந்தார்கள். நூலக ஆணை ஒன்றை மட்டுமே நம்பிப் பிறந்து, நூலகத்தைத் தவிர வேறு யாரும் வாங்காமல், நூலகத்திலும் யாரும் எடுக்காமல் முக்தியடைந்த புத்தகங்கள் எங்கள் அலமாரியில் ஏராளம். ‘முப்பதே நாளில்’ என்று தொடங்கும் தலைப்புகள் மட்டும் இரண்டு தட்டு. கொள்முதல் இப்போது இணையவழிக்கு வந்துவிட்டது, இனி எல்லாம் வெளிப்படை என்கிறார்கள். வரட்டும். அந்த முப்பது நாள் எப்போது முடிகிறது என்று நானும் காத்திருக்கிறேன்.

கண்காட்சி என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நூலகத்தில் நடந்திருக்க வேண்டிய ஒரு கண்காட்சி நடக்காமல் போன கதை உண்டு.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் வீட்டில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே முழுக்கத் துண்டு நோட்டீஸ். அவருடைய அப்பா காலத்திலிருந்து சேர்த்தது. ரோஜா, மஞ்சள், பச்சை என்று சாயம் போன மெல்லிய தாள்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அடுக்குக்கு அடுக்கு வசம்புத் துண்டு. டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ் இருக்கிறது: தரை டிக்கெட் என்ன, பெஞ்சு என்ன, பெண்களுக்குத் தனி இடம் உண்டு, மழை பெய்தால் காட்சி ரத்து. வள்ளி திருமணம் நாடகத்துக்கு ராஜபார்ட் யார் என்று கொட்டை எழுத்தில் போட்டது இருக்கிறது. காலரா ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லும் அறிவிப்பு. காணாமல்போன காளையைக் கண்டுபிடித்துத் தருகிறவருக்குச் சன்மானம். ஒரு தேர்தலில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி, இருவரும் ஒரே அச்சகத்தில் ஒரே நாளில் ஒருவரையொருவர் திட்டி அடித்த இரண்டு நோட்டீஸ். அச்சுப்பிழைகூட இரண்டிலும் ஒன்றுதான். ஊரின் நூறு வருஷத்துப் பேச்சு மொத்தமும் அந்தப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறது.

“இதையெல்லாம் நூலகத்துல ஒரு வாரம் மாட்டி வைக்கலாம்யா. தாத்தன் பேரு பேரனுக்குத் தெரியும். கண்ணாடிகூட வேணாம், கயித்துல கிளிப் போட்டுத் தொங்கவிட்டாப் போதும். தொட்டுப் பார்க்கட்டும், கிழிஞ்சா கிழியட்டும். நான் போனப்புறம் இதை யாரு வச்சுக்கப் போறா?” என்றார் வாத்தியார்.

மனு எழுதினோம். வாசகர் வட்டத்தில் இருக்கிற மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். உள்ளூர் அளவில் முடிவெடுக்க அதிகாரமில்லை, மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். மேலிடத்துக்கு அனுப்பினோம். மேலிடத்திலிருந்து கண்காட்சிப் பொருட்களின் மதிப்பீட்டுச் சான்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. காணாமல்போன காளையின் நோட்டீஸுக்கு இன்றைய சந்தை மதிப்பு என்ன? தாசில்தாரைக் கேட்பதா, கால்நடை மருத்துவரைக் கேட்பதா? வாத்தியார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு அதையும் மடித்து, வசம்பு வைத்து, பெட்டியிலேயே போட்டுவிட்டார்.

நூலக வார விழாவில் வாத்தியாருக்கு இல்லாத இடம் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? நுழைவாயிலை ஒட்டி, ஆறு மேசையில் முதல் மேசை, மனை விற்கிற ஒரு கம்பெனிக்கு. கயிறு கிடையாது. ‘தொடாதீர்கள்’ கிடையாது. வருகிறவர் கையில் எல்லாம் வழவழ தாளில் லேஅவுட் படத்தைத் திணித்தார்கள். அந்த வாரம் முழுவதும் அந்த நூலகத்திலிருந்து ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தது அது ஒன்றுதான்.

பெரிய ஊர்களில் இப்படியில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். கோட்டூர்புரத்தில் எட்டு ஏக்கரில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010-இல் திறந்தது. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023-இல். இரண்டிலும் போய் உட்கார்ந்து, ஏசியில் சொகுசாகப் படித்துவிட்டு வந்தவன்தான் நான். நல்ல நூலகங்கள். ஆனால் அங்கேயும் என்ன ஆட்டம் ஆடினார்கள் என்பதை மறந்துவிட்டோமா? திறந்து பதினான்கு மாதம்கூட ஆகவில்லை, 2011 நவம்பரில், ஆட்சி மாறியதும் அண்ணா நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அதுவும் நூலக வாரம் வருகிற அதே மாதம் பார்த்து. உயர்நீதிமன்றம் குறுக்கே கைநீட்டித் தடுத்திராவிட்டால் நூல் அடுக்கின இடத்தில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கியிருக்கும். அடுத்த வருஷம் அதன் அரங்கத்தில் கல்யாண வரவேற்பு நடந்து, அதையும் நிறுத்தக் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. ஒருவர் கட்டினார் என்பதற்காக இன்னொருவர் இடிக்கப் பார்ப்பார், இன்னொருவர் பெயர் இருக்கிறது என்பதற்காக விளக்குமாற்றுக்குக்கூடப் பணம் ஒதுக்கமாட்டார். எங்கள் கிளை நூலகம் பிழைத்துக் கிடப்பதற்குக் காரணமே அதற்கு யார் பெயரும் வைக்காததுதான் என்று சில நேரம் தோன்றும்.

இந்த ஜனவரியில் என்னுடைய வரித் தவணைக்கு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். 92 ரூபாயை எண்ணி எடுத்துக்கொள்வேன். நாலு இருபது, ஒரு பத்து, இரண்டு ஒற்றை நாணயம். அவற்றை ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, பந்தல்காரரிடம் வெள்ளைத் துணி வாங்கி விரித்து, வசூல் கவுன்ட்டரில் கொண்டுபோய் வைப்பேன். முன்னால் குறுக்கே நைலான் கயிறு. குமாஸ்தா ரசீது புத்தகத்தோடு கையை நீட்டும்போது, பேட்ஜ் குத்திக்கொண்டு பாய்ந்து போய், “தொடாதீங்க சார், எழுதிப் போட்டிருக்குல்ல?” என்பேன். கண்காட்சி முடிந்ததும் வரச் சொல்வேன். 21-ஆம் தேதி வந்தால், அது நேற்றே அடுத்த வார்டுக்குப் போய்விட்டது என்பேன். குழாயை வெட்டுவார்கள். வெட்டட்டும், அந்தக் குழாயும் பார்வைக்கு மட்டும்தான்.

அந்தச் சிறுமியின் அப்பா அன்றைக்கு ஒன்றும் கோபப்படவில்லை. “வேற ஏதாச்சும் எடுத்துக்கோ கண்ணு” என்றார். அவள் அலமாரி அலமாரியாகப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தாள். உறுப்பினர் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டுப் போனார்கள். “புது உறுப்பினர் சேர்க்கை ஒண்ணுன்னு விழா அறிக்கையில காட்டலாம் சார்” என்றார் நூலகர் அம்மா, என்னைப் பார்க்காமல்.

மறுநாள் விடியற்காலையில் ஆரம்பித்த மழை நாள் முழுக்கக் கொட்டியது. சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு நூலகத்துப் பக்கம் போனேன். செருப்புகள் மறுபடி வாசலில் இருந்தன. கைக்குழந்தைக்காரப் பெண்ணின் செருப்பும். வாசலில் ஃப்ளெக்ஸ் இல்லை, ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. உள்ளே வரலாற்று அலமாரிக்குமேல் அதை இரண்டாக மடித்து விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தார் நூலகர் அம்மா. தண்ணீர் அதன்மேல் சொட்டிச் சொட்டி, ஓரமாக வழிந்து, ஒரு வழியாகப் பக்கெட்டில் விழுந்துகொண்டிருந்தது.

குனிந்து பார்த்தேன். அச்சடித்த பக்கம் அடியில் இருந்தது. கும்பிடுகிற முகம், கையாட்டுகிற முகம், செல்போன் முகம், இரண்டு வயதுக் குழந்தை, எல்லோரும் தலைகுப்புறத் தொங்கிக்கொண்டு முதல் தடவையாகப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.